ஒரு மனுகூட வராத தெரு

ஜூன் 16, திங்கள்

இது உங்கள் கையில் கிடைத்தால், கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. என் அம்மாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தாளைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு வரைபடத்தின் துண்டு தெரியும். அம்மா வேண்டாமென்று ஒதுக்கிய தாள்களை வெட்டித்தான் இதை எழுதுகிறேன். எழுதியதும் சுருட்டி, மூடி உடைந்த வரைபடக் குழாய் ஒன்றில் போட்டு அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவிடுவேன். எங்கள் வீட்டில் அந்தக் குழாய்கள் துடைப்பம் மாதிரி மூலைக்கு மூலை நிற்கின்றன. யாரும் திறந்து பார்ப்பதில்லை.

என் பெயர் சம்யுக்தா. பத்தாம் வகுப்பு. அம்மா ரயில் திட்டப் பொறியாளர். புறநகர் ரயில் இப்போது வேலம்பாடியோடு நின்றுவிடுகிறது. அதை எங்கள் ஊரான சேந்தன்பாக்கம் வரை நீட்டப் போகிறார்கள். பாதை எப்படிப் போகும், நிலையம் எங்கே வரும் என்று வரைந்து, ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டு, மேலே அனுப்பி ஒப்புதல் வாங்குவது வரை எல்லாம் அம்மாவின் பொறுப்பு. அப்பா கப்பலில் வேலை செய்கிறார். அக்டோபரில்தான் வருவார். அதனால் சாப்பாட்டு மேஜையில் பாதி அம்மாவின் ஆபீஸ்.

வரைபடத்துக்கு நிறம் அடிப்பது என் வேலை. முழுதாக இடிபடும் வீடு சிவப்பு, ஓரம் மட்டும் போகும் வீடு மஞ்சள், அரசாங்க இடம் பச்சை, பாதை படாத இடம் வெள்ளை. "ஸ்கிரீன்ல போட்டா பெரியவங்க யாரும் பார்க்க மாட்டாங்கடி. மேஜையில விரிச்சாத்தான் குனிஞ்சு பார்ப்பாங்க. கையால அடிச்ச கலர்தான் கண்ணுல படும்" என்பாள் அம்மா. ஆறாம் வகுப்பிலிருந்து அடிக்கிறேன். கோட்டுக்கு வெளியே போகாமல் அடிப்பேன்.

ஒரே ஒரு விதி. "இந்த மேஜையில பார்த்தது இந்த மேஜையோட."

இன்று அதை மீறிவிட்டேன்.

ரோஸ்லின் என் பக்கத்து இருக்கை. அவள் வீடு மீன்தொட்டித் தெருவில். அந்தத் தெருவில் எல்லா வீட்டின் பின்னாலும் சிமெண்ட் தொட்டிகள். கப்பி, மோலி, தங்கமீன், ஃபைட்டர் என்று வண்ண மீன் வளர்த்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். ரேஷன் கடைச் சுவரில் ரயில் பாதைக்கான அறிவிப்பு ஒட்டியதிலிருந்து அவள் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "வேற வீடு பார்த்துக்கலாம்டி. ஆனா மீனுக்கு எங்க தண்ணிதான் ஒத்துக்கும். வேற எடத்துத் தண்ணில விட்டா ராவோட ராவா மெதக்கும்" என்று சொல்லிக் கணக்குப் பாடவேளை முழுவதும் அழுதாள். மூக்கைச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும் அவள் தெரு வெள்ளை என்று. நானே அடித்த தாள். பாதை ஏரிக்கரை அடுக்குமாடிகளின் ஓரமாகப் போகிறது. சிவப்பெல்லாம் அங்கேதான்.

"உங்க தெரு இல்ல. நான் பார்த்தேன்" என்றேன்.

"சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் கையில் எப்போதும் மீன் தீனி வாசனை அடிக்கும். நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. தோசை.

ஜூன் 21, சனி

இன்று கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அம்மா சாயங்காலம் வந்தபோது தொண்டை கட்டிப்போய்ப் பாதி சைகையில்தான் பேசினாள். அடுக்குமாடிக்காரர்கள் வேன் வைத்து ஆட்களைக் கூட்டி வந்தார்களாம். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. மனுக்களை அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கி வந்தார்களாம். ஒரு வக்கீல் மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லையாம். ஒரு மாமி அம்மாவைப் பார்த்து, "நீயும் ஒரு பொம்பளைதானே, உன் வீட்டு மேல ரயில் விடுவியா?" என்று கத்தினாளாம்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். கொப்பளித்துவிட்டு, "மூணாவது தடவை. இதையும் திருப்பி அனுப்பினாங்கன்னா என்னைத் தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க. திட்டத்தையும் மூடிடுவாங்க" என்றாள்.

ஏற்கெனவே இரண்டு முறை அவளுடைய கோப்பு மேலேயிருந்து திரும்பி வந்துவிட்டது. இரண்டு முறையும் எதிர்ப்பு அதிகம் என்று காரணம்.

"மீன்தொட்டித் தெருலேருந்து யாராவது வந்தாங்களாம்மா?" என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லையே. ஏன் கேக்குற?"

"சும்மா. ரோஸி வீடு அங்கதானே."

ஜூன் 22, ஞாயிறு

செத்தேன் என்று நினைத்தேன்.

காலையில் ரோஸியின் அப்பா சவரிமுத்து அங்கிள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் நீலத்தில் சிவப்பு வால் வைத்த ஒரு ஃபைட்டர் மீன். அம்மாவைப் பார்த்ததும் செருப்பை வாசலுக்கு வெளியே ரொம்பத் தள்ளி விட்டுவிட்டு வந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க பாப்பாதான் எங்க குடும்பத்துக்கே சோறு எறங்க வெச்சுது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

"பாப்பா என்ன சொன்னா?" என்று கேட்டாள் அம்மா. குரல் இன்னும் சரியாகவில்லை. கோபமா என்று தெரியவில்லை.

"எங்க தெரு இல்லன்னு சொல்லிச்சாம். ஐயோ, பாப்பாவைத் திட்டிடாதீங்க மேடம். சின்னக் கொயந்தை, ஃப்ரெண்டு அழுவுறான்னு சொல்லிடுச்சு. நாங்க எல்லாரும் வேன் புடிச்சு மண்டபத்துக்கு வர்றதாத்தான் இருந்துச்சு. நான்தான், ரயில் மேடம் வீட்டுப் பொண்ணே சொல்லிடுச்சு, எதுக்குப் போய் அந்தம்மாவ தொந்தரவு பண்ணிக்கினுன்னு எல்லாரையும் உக்கார வெச்சேன்."

"உக்காருங்க சார்" என்றாள் அம்மா. எனக்கு ஆச்சரியம். காபி போட என்னை உள்ளே அனுப்பினாள். பால் பொங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"மனு கொடுக்க இன்னும் வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. உங்க தெருவுல யாராவது கொடுக்கிற மாதிரி இருக்காங்களா?"

"ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க மேடம். அதுக்கு நான் கேரண்டி."

"எத்தனை வீடு இருக்கும்?"

"ரெண்டு வாடை தாங்க, இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. தொட்டி வீடுங்கதான் எல்லாம். பட்டா ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் இருக்குது. மத்தவங்கல்லாம் அப்டியே இருந்துக்கினு இருக்கோம்."

"ஓ" என்றாள் அம்மா.

அங்கிள் போகும்போது எனக்கு மீன் வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. பிடித்து வைத்துப் பழசானதும்தான் ஊற்ற வேண்டும். தீனி ஒரு சிட்டிகை. "ஜாஸ்தி போட்டாலும் செத்துடும் பாப்பா. பாசத்துல கொல்றவங்கதான் ஜாஸ்தி" என்று சிரித்தார். இன்னொரு ஃபைட்டரைக் கூட விட்டால் சண்டை போட்டே செத்துவிடுமாம். அதனால் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் போனதும் திட்டு விழும் என்று சுவரோரம் நின்றேன். அம்மா ஜாடியை மேஜையில், வரைபடத்தின் சுருண்ட மூலை மேல் வைத்தாள். தாள் சுருளாமல் நின்றது.

"நல்லா இருக்கு மீன்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

அம்மா இன்னும் திட்டவில்லை. அவள் ரொம்ப நல்லவள். மற்ற அம்மாக்களாக இருந்தால் தோலை உரித்திருப்பார்கள்.

ரெக்கார்டு நோட்டில் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்தேன். சூல்பை கோணலாகப் போய்விட்டது, மூன்று முறை அழித்தேன். பக்கத்து அறையில் அம்மா போனில் அவளுடைய பெரிய அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். ஸ்டேஷனைக் கொஞ்சம் கிழக்க தள்ளினா ஃபிளாட்டெல்லாம் தப்பிச்சிடும்... இல்ல சார், அந்தப் பக்கம் எதிர்ப்பு இல்ல. இதுவரைக்கும் ஒரு மனுகூட வரல... வராது சார். விசாரிச்சுட்டேன். உறுதியாத்தான் சொல்றேன்."

தாளில் அழித்த இடம் ஓட்டையாகிவிட்டது. நாளைக்கு வேறு தாளில் வரைய வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

ரோஸியிடம் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? அம்மா போனில் கிழக்கே என்றாள், அவ்வளவுதான். கிழக்கே எவ்வளவோ தெரு இருக்கிறது. தைல மரத் தோப்புகூட இருக்கிறது.

உணவு இடைவேளையில் ரோஸி முட்டைப் பொரியல் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் 28, சனி

அம்மா தூங்கின பிறகு எழுதுகிறேன்.

மதியம் அம்மா புதுத் தாள் கொண்டுவந்து விரித்தாள். "இன்னைக்கே கலர் அடிச்சிடு கண்ணு. திங்கட்கிழமை மேல அனுப்பணும்." பக்கத்தில் எண் எழுதிய பட்டியல் கொடுத்தாள். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று. எப்போதும் அப்படித்தான். பெயர் இருக்காது, எண்தான்.

பாதியில்தான் கவனித்தேன். சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் வரிசையாகக் குட்டிச் சதுரங்கள். தொட்டிகள். தெரு முனையில் சிலுவைக் குறி. அது அவர்களுடைய குருசடி. அங்கே நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம்.

"அம்மா, இது ரோஸி தெரு."

அம்மா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்."

"அந்தத் தெரு இல்லையே. பழைய தாள்ல வெள்ளையா இருந்துச்சே."

"பிளாட்ஃபார்ம் நேரா இருக்கணும் சம்யு. வளைவுல கட்ட முடியாது. ஸ்டேஷனை நகர்த்தினா அதுக்கு முன்னாடி வர்ற வளைவும் நகரும். அது எங்கயோ போய் விழத்தான் செய்யும்."

"அவங்க மனு கொடுக்கட்டும். நான் போய்ச் சொல்றேன்."

"தேதி நேத்தோட முடிஞ்சிடுச்சு."

"மறுபடியும் கூட்டம் வைக்கலாமே? புதுப் பாதைதானே?"

"அந்தத் தெருலேருந்து ஒரே ஒரு மனு வந்திருந்தாக்கூட வெச்சுத்தான் ஆகணும். வரல. அதனால சின்ன மாற்றம்னு போட்டுடலாம். மறுபடி கேக்க வேண்டியதில்ல."

ஒரே ஒரு மனு.

"நான் சொன்னதாலதான் அவங்க வரல" என்றேன்.

அப்போதுதான் அம்மா லேப்டாப்பை மூடினாள். எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் பண்ணல. இதுல உனக்குச் சம்பந்தமே இல்ல. லட்சம் பேரு தினம் பஸ்ல தொங்கிட்டுப் போறாங்கடி. அவங்களுக்கு ரயில் வேணும். எங்க போட்டாலும் யாரோ ஒருத்தர் வீடு போகத்தான் போகும். யாரோடதுங்கறது மட்டும்தான் என் கையில இருக்கு. அதுவும் முழுசா இல்ல." அவள் வயிறு ஏறி இறங்கியது. அழுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அழவில்லை.

"அவங்களுக்கு வேற இடம் தருவாங்க" என்றாள்.

"தண்ணி?"

"என்ன தண்ணி?"

நான் மீன் ஜாடியைப் பார்த்தேன்.

பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அடிக்காமல் விட்டால் அவளே அடித்துவிடுவாள். அவள் அடித்தால் கோட்டைத் தாண்டிவிடும். மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் நடக்கும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே அடித்தேன். ரோஸி வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். கோட்டுக்கு வெளியே போகவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

தலைவலி என்று சொல்லி வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ரோஸி என்னை விடவில்லை. மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய், "என்னடி கோவம்? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணு சொல்லவா? எங்கப்பா புதுசா தொட்டி கட்றாரு. வாசப் பக்கம் இருந்த செடியெல்லாம் புடுங்கிட்டாரு. ரயில் வந்தா கூட்டம் வரும், வாசல்லயே மீன் விக்கலாமாம். போர்டு எழுதக் குடுத்திருக்காரு. 'ரோஸ்லின் வண்ண மீன்கள்'. என் பேரு!"

"இப்ப கட்ட வேணாம்னு சொல்லுடி."

"ஏன்?"

"மழை வருது."

"ஜூலைலயா? லூசு" என்று சிரித்துக்கொண்டே என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

வாயில் வந்துவிட்டது. உண்மையாகவே வந்துவிட்டது. ஆனால் சொன்னால் அவர்கள் கூட்டமாக அம்மாவின் ஆபீசுக்குப் போவார்கள். யார் சொன்னது என்று கேட்பார்கள். போன முறையும் நான்தான், இந்த முறையும் நான்தான். அம்மாவை வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் தொட்டி கட்டுவார்கள். மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அவள்தான் போடுகிறாள். ஒரு சிட்டிகை எடுத்து, அதிலும் கொஞ்சம் திரும்ப டப்பாவில் உதறிவிட்டுப் போடுகிறாள். வாளியில் தண்ணீர் பிடித்துத் தட்டால் மூடி வைத்திருக்கிறாள், பழசாவதற்கு. நான் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. அன்றைக்கு அங்கிள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

ஒப்புதல் வந்துவிட்டது. ஆபீசில் அம்மாவுக்கு மாலை போட்டார்களாம். மைசூர்பாகு கொண்டுவந்தாள். அப்பாவுக்குக் கப்பலுக்குப் போன் போட்டுப் பேசினாள். "ஆமாங்க, பாஸ் ஆயிடுச்சு... எல்லாம் சம்யுதான். அவதான் கலர் அடிச்சா." போனை என்னிடம் கொடுத்தாள். அப்பா சந்தோஷத்தில் கத்தினார். நான் "தேங்க்ஸ்ப்பா" என்றேன்.

பிறகு அம்மா குளிக்கப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று மீன்தொட்டித் தெருவுக்கு மண் சோதனைக்குத் துளை போடுகிற வண்டி வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போன ரோஸி திரும்பி வந்து வகுப்பில் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேடிக்கை மாதிரி சொன்னாள்.

"எங்க புதுத் தொட்டிக்குள்ளயே மஞ்சள் பெயிண்ட் அடிச்ச கல்லை நட்டுட்டாங்கடி. எங்கப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. 'யப்பா, தெரு மாறி வந்துட்டீங்க. எங்க தெரு இல்ல. ரயில் மேடம் வீட்டுப் பாப்பாவே சொல்லிருக்கு'ன்னு அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. அவனுங்க பேப்பரைக் காட்றானுங்க. அப்பா பேப்பரையே பார்க்கல. கல்லைப் புடுங்கி ஓரமா வெச்சிட்டாரு."

"அப்புறம்?"

"அந்த மிஷின் ஓடினா தரையெல்லாம் அதிருது. மீனெல்லாம் அடியில போய் ஒடுங்கிக்கிச்சு. அப்பா சாயங்காலம் உங்க வீட்டுக்கு வராரு. ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிச்சிடுவாங்க இல்ல, அவனுங்கள?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

"நீ பார்த்தேன்னு சொன்னியே" என்றாள்.

"பார்த்தேன்."

"அப்ப?"

"அப்புறம் மாறிடுச்சு."

"எப்ப?"

அவள் பையை எடுத்துக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் போகும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அப்பாவிடம் சொல்லியிருப்பாளா, மாட்டாளா, தெரியவில்லை.

அம்மா ஏழு மணிக்கு வந்தாள். அங்கிள் வருவார் என்று சொன்னேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். "யாராவது வந்தா நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு" என்றாள். பிறகு அவள் அறைக்குப் போய் விளக்கை அணைத்துக்கொண்டாள். சாப்பிடக்கூட இல்லை. அவளுடைய செருப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். நான் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மீன் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஜாடியின் ஓரத்துக்கு வந்து தன் நிழலைப் பார்த்துத் துடுப்பை விரிக்கிறது. வேறு மீன் என்று நினைக்கிறது போல.

அங்கிள் திட்டினால் நன்றாக இருக்கும். அந்த அடுக்குமாடி மாமி மாதிரி கத்தினால் நன்றாக இருக்கும். அவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா ஊரில் இல்லை. அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் என்ன

தட்டுகிறார்கள்.

அம்மா அறையில் சத்தமே இல்லை. கட்டில்கூட அசையவில்லை.

மறுபடியும் தட்டுகிறார். மெதுவாகத்தான் தட்டுகிறார். "மேடம் இல்லாங்காட்டி பரவால்ல" என்கிறார். "பாப்பா, நீ இருக்கியாம்மா? நீ சொன்னா எனக்குப் போதும். நீ மட்டும் கொஞ்சம் வெளிய வந்து